பிடிகொடுக்காத மகனோடு பந்து பிடிக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எதைக் கேட்டாலும் 'ம்', 'தெரியல' என்பதோடு சரி, பிடிகொடுத்தே பேசுவதில்லை. மாமியார் காலமான பிறகு 74 வயது மாமனார் எங்களோடு இருக்கிறார். அவருக்கும் நாள் முழுக்க நாற்காலியே கதி. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். தினமும் பத்து நிமிடம் பந்தை எறிந்து பிடித்து விளையாடினால் எல்லாம் சரியாகும் என்கிறாள் தோழி. விளையாட்டாகச் சொல்கிறாளா, நிஜமாகவே பலன் இருக்குமா?

பதில்: எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் தோழி சொன்னதில் விஷயம் இருக்கிறது.

பந்தை எறியும் முன் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் தயாரா, கை எங்கே இருக்கிறது, இடது பக்கம் போட்டால் எட்டுமா என்று ஒரு நொடி பார்க்கிறீர்கள். அவருக்குத் தோதாக வேகத்தைக் குறைக்கிறீர்கள். பிடித்தவர், திருப்பி எறியும் முன் உங்களை அதேபோல் பார்க்கிறார். பத்து நிமிடத்துக்குள் இது எத்தனையோ தடவை நடந்துவிடும். மற்றபடி ஒரு நாளில் உங்கள் மகன் முகத்தை எத்தனை தடவை அப்படிப் பார்க்கிறீர்கள்?

கைக்குழந்தை 'ங்கா' என்கிறது; நாமும் 'ங்கா' என்கிறோம்; அது மறுபடி சிரிக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பந்தாட்டச் சொல்லாலேயே குறிப்பிடுகிறது: 'சர்வ் அண்ட் ரிட்டர்ன்'. சொல் வராத வயதில் நாம் எல்லோரும் பேசப் பழகியது இப்படித்தான். இப்போது உங்கள் வீட்டில் சொல் அடைபட்டிருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

பந்து தன் பக்கம் வராவிட்டால் மனிதருக்கு என்ன ஆகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ் ஒருநாள் நாயோடு பூங்காவில் இருந்தார். முன்பின் தெரியாத இருவர் வீசி விளையாடிய பிளாஸ்டிக் தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்களும் அவரைச் சேர்த்துக்கொண்டு சிறிது நேரம் ஆடினார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அவருக்குப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரென்றே தெரியாதவர்கள்தான், ஆனாலும் அவர் மனசு சுருங்கிப்போனது. இதையே கணினித் திரையில் எறிந்து பிடிக்கும் ஆட்டமாக்கி, 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேரிடம் சோதித்து 2000-ல் வெளியிட்டார். ஆட்டத்தில் ஒதுக்கப்பட்டவர்களின் மனநிலை சரிந்தது. எதிரில் ஆடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொன்னபோதும் அதே வருத்தம் இருந்ததை 2004-ல் வந்த ஆய்வு காட்டியது. முகம் தெரியாத கணினி பந்து போடாததற்கே இப்படி என்றால், தாத்தாவும் அம்மாவும் தினமும் தன் பக்கம் பந்தைப் போடுவது ஒரு பையனுக்குச் சும்மா போய்விடாது என்பது என் கணிப்பு.

இன்னொரு சௌகரியமும் உண்டு. கண் பந்தின் மேல் இருக்கும், கைக்கும் வேலை இருக்கும். எதிரே உட்காரவைத்து 'உனக்கு என்னடா பிரச்சினை?' என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் வயது அது. அதே பையன் பந்தை எறிந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், 'இன்னைக்கு கிளாஸ்ல...' என்று ஆரம்பிப்பான். முதல் வாரத்தில் இதை எதிர்பார்க்காதீர்கள். ஆரம்பித்தாலும் பந்தை நிறுத்திவிட்டு 'என்ன, என்ன?' என்று கிட்டே போகாதீர்கள். கேட்டுக்கொண்டே எறியுங்கள்.

இனி மாமனார் விஷயம். அவரை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலியில் பாதம் தரையில் பதியும்படி உட்காரட்டும். டென்னிஸ் பந்து அவருக்குச் சிறிது, வேகமும் அதிகம். இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற அளவில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் பந்து வாங்குங்கள். நேராக எறியாமல் நடுவில் தரையில் ஒருமுறை குத்தி எழும்படி போட்டால், கண் பார்த்துக் கை தயாராக அவகாசம் கிடைக்கும். அதுவும் கஷ்டமென்றால் பலூன். எடையே இல்லாததால் மெல்ல இறங்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று அவருக்கு எறியாதீர்கள், எதிர்வெளிச்சத்தில் பந்து தெரியாது. தரைவிரிப்பைச் சுருட்டி வையுங்கள். கட்டிலுக்கடியில் ஓடிய பந்தை எடுக்கப் பெரியவர் குனியக் கூடாது. தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. அது பேரன் வேலை. அண்மையில் கண் அறுவை நடந்திருந்தாலோ தோள்வலி இருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வெற்றி தோல்வி வைக்காதீர்கள். மூவரும் சேர்ந்து கீழே விடாமல் எத்தனை பிடித்தோம் என்று மட்டும் எண்ணுங்கள். நேற்று 14 என்றால் இன்று 15-க்குப் பார்க்கலாம். இப்படி எண்ணும்போது ஒரு வேடிக்கை நடக்கும்: யாரும் சொல்லாமலே, பையன் தாத்தாவுக்கு மெதுவாகப் போட ஆரம்பிப்பான்.

நான் கண்டவரை, இந்தப் பழக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். 'கையை இப்படி வை' என்று பயிற்சியாளராகிவிடுவார்கள், இல்லையென்றால் பையன் அகப்பட்டான் என்று மார்க் பற்றி விசாரிப்பார்கள். இரண்டும் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் என்பதுபோல் ஒரு நேரம் குறித்து, கைபேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு ஆடுங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். பத்தே நிமிடம் என்றாலும் ஆண்டுக்கு 60 மணி நேரம் ஆகிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பையன் சாப்பாடு, தூக்கம், பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் விலகுகிறான் என்றாலோ, பெரியவர் மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார் என்றாலோ, பந்தோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மகன் வரமாட்டேன் என்றால்? கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டாம். நீங்களும் மாமனாரும் தொடங்குங்கள். பந்து எப்படியும் ஒருநாள் அவன் காலடிக்கு உருண்டு போகும். எடுத்துப் போட்டால் 'தேங்க்ஸ்டா' என்று வாங்கி, அடுத்ததை அவனுக்கே போடுங்கள். ஆட்டம் முடிந்ததும் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில், போகிற வருகிறவர் கண்ணில் படும்படி இருக்கட்டும்.