87 அம்பாசடருக்கு முன்னாடி டிஸ்க் பிரேக் மாட்டலாமா?

கேள்வி: அப்பா வாங்கின 1987 மார்க் 4 அம்பாசடர் எங்ககிட்ட இருக்கு சார். போன மாசம் குடும்பத்தோட கொல்லிமலை போயிட்டு இறங்கும்போது பாதி வளைவு தாண்டினதும் பிரேக் பிடிக்கல. மிதி கெட்டியாதான் இருந்துச்சு, ஆனா வண்டி நிக்கல, கருகின வாசன வேற. எப்படியோ ஓரங்கட்டி, டயருக்கு கல்லு வச்சு, அரை மணி நேரம் கழிச்சு இறங்கினோம். இப்போ முன் வீலுக்கு டிஸ்க், கேலிப்பர், பிராக்கெட், ஹோஸ் எல்லாம் சேர்ந்த கிட் ஒண்ணு கிடைக்குது, மெக்கானிக் ஒரே நாள்ல மாட்டித் தரேங்கறார். மாட்டலாமா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: குடும்பத்தோட பத்திரமா இறங்கினீங்களே, அதுவே பெரிய நிம்மதி. மாட்டலாம். ஆனா அந்த கிட்ல இருக்கற சாமான் மட்டும் போதாது, அதனாலதான் ஒரே நாள்ல முடிக்கறேன்னு சொல்றத நான் நம்ப மாட்டேன்.

முதல்ல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பாருங்க. மிதி கெட்டியா இருந்தும் பிடிக்கலன்னா லைனிங் (ஷூ மேல ஒட்டியிருக்கற உராய்வுப் பட்டை) சூடேறி உராய்வு போயிடுச்சுன்னு அர்த்தம், பிரேக் ஆயில் கொதிச்சிருந்தா மிதி பஞ்சு மாதிரி உள்ள போயிருக்கும். உங்க வண்டியில இருக்கற டிரம் பிரேக் மூடின சட்டி மாதிரி, சூடு வெளிய போக வழி கம்மி, அதோட சூட்டுல டிரம் விரிஞ்சு, உள்ள இருந்து அழுத்தற ஷூவ விட்டு விலகிப் போகும். டிஸ்க் காத்துல திறந்து நிக்குது, சூட்டுல தடிச்சா, கேலிப்பர்ங்கற கவ்வி ரெண்டு பக்கமும் அழுத்தற பேடு பக்கம்தான் வரும். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற மலைக்கு டிஸ்க் நல்லதுன்னு சொல்றது அதனாலதான். ஆனா எந்த கியர்ல இறங்கினீங்கன்னு நீங்க எழுதல. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர்னு பழைய டிரைவருங்க சொல்வாங்களே, அத விட்டுட்டு டாப்ல இறங்கினா டிஸ்க் போட்ட வண்டியும் இதே மாதிரி கைவிடும்.

சரி, கிட்டுக்கு வருவோம். டிரம்ல ஒரு சௌகரியம் இருக்கு, வீல் சுத்தற வேகமே ஷூவ இழுத்து டிரம்முக்குள்ள இறுக்கிடும், அதனால காலுக்கு பாரம் கம்மி. டிஸ்க்ல அது கிடையாது, மொத்த அழுத்தமும் ஆயில் வழியாதான் வரணும். மிதியோட அழுத்தத்த ஆயிலுக்கு மாத்தற பழைய மாஸ்டர் சிலிண்டர அப்படியே வச்சு டிஸ்க் மட்டும் மாட்டினா ரெண்டு காலால மிதிச்சாலும் பழைய டிரம் அளவுக்குக்கூட நிக்காது. நான் வேலை கத்துக்கிட்ட காலத்துல ஒரு வண்டிக்கு இப்படித்தான் மாட்டிக் கொடுத்தேன், மறுநாளே ஓனர் திரும்ப வந்து நின்னப்ப அவர் முகத்த பார்த்தது இன்னும் மறக்கல, அதுக்கப்புறம் சர்வோ (கால் அழுத்தத்த ஏத்திக் கொடுக்கற சாதனம்) இல்லாம டிஸ்க் வேலைய நான் எடுத்துக்கறதே இல்ல. சர்வோ இஞ்சின் வேக்குவத்துல ஓடறது, அதனால இறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்ணி உருட்டற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க, ஆஃப் பண்ணா ஒண்ணு ரெண்டு மிதிக்குதான் சர்வோ உதவும், அப்புறம் மிதி கல்லு மாதிரி ஆயிடும். மாஸ்டர் சிலிண்டரோட போர் அளவ (உள்விட்டத்த) சின்னதாக்கி அழுத்தத்த ஏத்தலாம்னு சிலர் சொல்வாங்க. உண்மைதான், 1 இஞ்ச எடுத்துட்டு முக்கால் இஞ்ச் போட்டா அழுத்தம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஏறும், ஆனா மிதியும் அதே 1.8 மடங்கு கீழ போகணுமே, அதுக்கு இடம் இருக்கான்னு பார்க்கணும். மாஸ்டர் சிலிண்டர்ல ஒரே ஒரு லைன்தான் வெளிய வருதுன்னா இதுதான் சமயம், ரெண்டு சர்க்யூட் இருக்கற டேண்டம் சிலிண்டரா மாத்திடுங்க, ஒரு ஹோஸ் வெடிச்சாலும் பாதி பிரேக்காவது மிஞ்சும்.

அடுத்தது பின் வீல், எல்லாரும் மறக்கறது இதத்தான். பிரேக் அடிச்சா வண்டியோட பாரம் முன்னாடி சாயும், பின்னாடி லேசாயிடும். சர்வோ வந்ததும் பின் டிரம்முக்கும் அழுத்தம் கூடிப்போய், மழையில பின் வீல் முதல்ல லாக் ஆச்சுன்னா வண்டி அப்படியே திரும்பிடும். பின் லைன்ல அழுத்தத்த குறைக்க ஒரு ப்ரொபோர்ஷனிங் வால்வு கண்டிப்பா வேணும். வேலை முடிஞ்சதும் ஆள் இல்லாத காலி மைதானத்துல, தரைய நனைச்சு, 30 கிலோமீட்டர் வேகத்துல அழுத்திப் பாருங்க, முன் வீல்தான் முதல்ல லாக் ஆகணும். பின்னது முந்தினா அந்த வண்டிய ரோட்டுக்கு எடுக்காதீங்க.

என் யோசனை கேட்டா அந்த கிட்டுக்கு முன்னாடி வேற ஒண்ணு தேடுங்க. கடைசி காலத்துல வந்த சில அம்பாசடர் மாடல்கள்ல கம்பெனியே முன்னாடி டிஸ்க்கும் சர்வோவும் போட்டுத்தான் வித்துச்சு. அம்பாசடர் உற்பத்தி 2014ல நின்னுபோச்சு, ஆனா பழைய சாமான் கடைகள்ல அந்த முன் பக்க அசெம்பிளி கிடைச்சா சர்வோவோட சேர்த்து வாங்கி, உங்க வண்டி சஸ்பென்ஷனுக்கு பொருந்துதான்னு அளந்து பார்த்து மாட்டறது, லேத்துல வெட்டின பிராக்கெட்ட நம்பறதவிட எனக்கு தைரியமா இருக்கும். கிட்தான்னு முடிவு பண்ணா பிராக்கெட்ல வெல்டிங் இருந்தா வேண்டாம், முழு தகட்டுல வெட்டினதா பாருங்க. வீல மாட்டி கையால சுத்தினா ரிம் கேலிப்பர்ல எங்கயும் உரசக்கூடாது, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சா ஹோஸ் இழுபடவோ டயர தொடவோ கூடாது. கேலிப்பர்ல ஏர் எடுக்கற நிப்பிள் மேல பார்த்து இருக்கணும், இடதையும் வலதையும் மாத்தி மாட்டிட்டா நிப்பிள் கீழ போயிடும், எவ்வளவு பம்ப் பண்ணாலும் காத்து வராது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிச்சிடுங்க.

புது பேடு படியறதுக்கு வேகத்த 60ல இருந்து 20 கிலோமீட்டர் வரைக்கும் ஒரு பத்து தடவ குறைங்க, முழுசா நிறுத்தாம, நடுவுல கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு.

கேள்வி: பழைய பியட்டுக்கு டிஸ்க் மாட்டி ரெண்டு வாரம் ஆச்சு. பத்து கிலோமீட்டர் ஓட்டினா முன் வீல் ரெண்டும் தொட முடியாத சூடு, நிறுத்தி தள்ளினா உருள மாட்டேங்குது, ஆறினதும் சரியாயிடுது.
(வாசகர், கோவை)

பதில்: டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்தான் இன்னும் இருக்குன்னு நினைக்கிறேன். அதோட வாயில ரெசிடுவல் வால்வுன்னு ஒண்ணு இருக்கும், லைன்ல சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்த பிடிச்சு வச்சுக்கும். டிரம்ல ஷூவ ஸ்பிரிங் திரும்ப இழுத்துடும், அதனால பரவாயில்ல. கேலிப்பர்ல ஸ்பிரிங் இல்லையே, பேடு டிஸ்க்க உரசிக்கிட்டே இருக்கும்.

இப்படி கண்டுபிடிங்க: வீல் இறுகி இருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டர்ல பைப் நட்ட லேசா தளர்த்துங்க. வீல் விட்டுச்சுன்னா கோளாறு மேலதான், ஒண்ணு அந்த வால்வு, இல்லன்னா மிதியில இருந்து மாஸ்டர் சிலிண்டர தள்ளற புஷ் ராடுக்கு ப்ளே (சின்ன இடைவெளி) இல்லாம இறுக்கி வச்சிருக்காங்க. விடலன்னா கேலிப்பர் நிப்பிள திறங்க, அப்போ விட்டா ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதி அடைச்சிருக்கு. அதுலயும் விடலன்னா கேலிப்பரோட பிஸ்டனோ, அது நகர்றதுக்கான ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கு. வால்வுதான்னா முன் லைனுக்கு மட்டும் எடுத்துடலாம், பின் டிரம்முக்கு இருக்கட்டும். மாஸ்டர் சிலிண்டர் காலடியில ஃப்ளோருக்கு கீழ இருக்கற வண்டின்னா முன் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு போடணும், இல்லன்னா கேலிப்பர்ல இருந்து ஆயில் கீழ இறங்கிடும், முதல் மிதி வெறும் மிதியா போகும். சரி பண்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க, அந்த சூட்டுல பேரிங் கிரீஸ் உருகி ஓடிடும்.

கேள்வி: டிஸ்க் மாட்டினா டாட் 3 பிரேக் ஆயிலே போதுமா, டாட் 4 போடணுமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: மலை ஏறி இறங்கற வண்டின்னா டாட் 4 போடுங்க. புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, டாட் 3க்கு அது 205தான். ரெண்டுமே காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், ஈரம் சேர்ந்த டாட் 4 155 டிகிரியிலயே கொதிக்கலாம், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா மாத்திடுங்க. டாட் 5 சிலிக்கான், இதுங்களோட கலக்கவே கூடாது. திறந்து மாசக்கணக்கா ஷெல்ஃப்ல கிடக்கற டப்பாவ எடுத்து ஊத்த விடாதீங்க, சீல் உடைக்காத புது டப்பா வாங்கிக்கிட்டு நீங்களே கொண்டு போங்க.