கேள்வி – பதில்: கை ஏன் பறக்கவில்லை?

கேள்வி: வயது 19. குத்துச்சண்டை பழகுகிறேன். குத்தில் பலம் இருக்கிறது, வேகம் இல்லை. இரண்டு கிலோ டம்பெல் பிடித்து வெறும் காற்றில் குத்திப் பழகலாமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தம்பி, டம்பெல்லைக் கீழே வையும். பாரம் கையை நிலத்தை நோக்கித்தான் இழுக்கும். குத்தோ முன்னே போகவேண்டியது. தோள்மூட்டு நோவதுதான் மிச்சம்.

மணி அடித்ததிலிருந்தே முஷ்டியை நெரித்து, தோளைக் காதுவரை தூக்கி வைத்திருந்தால் கை எப்படிப் பறக்கும்? விரல்களைத் தளர்வாக விடும். படும் கணத்தில் மட்டும் இறுக்கும். இடக்கால் முன்னே வைத்து நிற்பவரென்றால் வலக்கைக் குத்து வலது பாதத்தில் கிளம்பவேண்டும். குதி திரும்ப, இடுப்புத் திரும்ப, கை கடைசியாகத்தான் போகும். போன வேகத்திலேயே அது நாடிக்குத் திரும்பவும் வேணும். அதைத்தான் பொடியன்கள் பழகுவதேயில்லை!

தொங்கவிட்ட குத்துப்பையில் 10 விநாடி முழுவேகம், பிறகு மூச்சு அடங்கும்வரை ஓய்வு. களைத்த கையால் அடித்தால் உடம்பு மெதுவாக அடிக்கத்தான் பழகும். உங்கள் கடற்கரை மணல் ஓட்டத்துக்கு நல்லது, குத்துக்கு வேண்டாம். கால் புதைந்தால் குதி திரும்பாது.

இன்னொன்று, குத்துமுன் முழங்கை வெளியே விரிகிறதா என்று போனில் வீடியோ எடுத்துப் பாரும். விரிந்தால் எதிராளிக்கு முன்கூட்டியே தந்தி அடித்த மாதிரித்தான்.