புள்ளிகள் 200 மீட்டர் தெற்கே விழுவது ஏன்?
அமெரிக்காவின் யூட்டா பூங்கா இன்டர்ன்ஷிப்பில் பழைய புதைபடிவ இடக்குறிப்புகளை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால், எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய 200 மீட்டர் தெற்கே தள்ளி விழுகின்றன என்கிறீர்கள். ஒரே திசை, ஒரே தூரம் என்றால் ஜிபிஎஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. அந்தக் காலத் தாள் வரைபடங்கள் பெரும்பாலும் என்ஏடி 27 கணக்கில் வந்தவை; அதாவது இடங்களை அளக்க வட அமெரிக்காவுக்கு 1927-இல் வகுத்த அடிப்படை. நீங்கள் அவற்றை அதற்குப் பின்வந்த 1983 அடிப்படையான என்ஏடி 83 என்று ஏற்றியிருப்பீர்கள். அதனால்தான் இந்த நகர்வு. லேயருக்கு முதலில் என்ஏடி 27-க்கான ஈபிஎஸ்ஜி குறியீட்டெண் 26712 கொடுங்கள். அப்புறம்தான் என்ஏடி 83-க்கான 26912-க்கு எக்ஸ்போர்ட். எக்ஸ்போர்ட் செய்யாமல் வெறுமனே லேயரின் குறியீட்டை மாற்றினால் ஆயத்தொலைவு எண்கள் மாறாது. மூல எண்களைத் அட்டவணையில் தனி நெடுவரிசையில் அப்படியே வைத்திருங்கள்.

சரி, இன்னொன்று. நீங்கள் போட்ட ஸ்கிரீன்ஷாட்டில் ஆயத்தொலைவுகள் தெளிவாகத் தெரிகின்றன. உடனே எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் 2009 புதைபடிவ வளப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டரசு நிலத்துப் புதைபடிவ இடங்களின் விவரம் ரகசியம். எலும்பு திருடுபவர்களுக்கு நாமே வழி சொன்ன மாதிரி ஆகிவிடும்.