கடல் தண்ணீர் பம்பில் நைலான் புஷ் இறுகுவது பற்றி

டெல்ரினுக்கு மாறுங்கள், அதாவது அசிடால் என்கிற பிளாஸ்டிக். அந்த இடத்தில் நைலானைத் திரும்பப் போட வேண்டாம்.

எண்ணூரில் கடல் தண்ணீர் பம்புக்குக் கடைந்து போட்ட நைலான் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுற்றும் வளையம்) முதலில் லூசாகச் சுற்றி, சில வாரத்தில் ஷாஃப்டைக் கவ்விக்கொள்கிறது என்கிறீர்கள். லேத்காரர் மேல் தப்பு இருக்காது என்றே நினைக்கிறேன். நைலான் 6 முழுக்க ஊறினால் எடையில் சுமார் 9 சதவீதம் வரை தண்ணீரை இழுக்கும், வெளியே ஹவுசிங் (புஷ் உட்காரும் கூடு) இறுக்கிப் பிடித்திருப்பதால் வீங்க வழியில்லாமல் உள்துளைதான் சுருங்கும். அசிடாலில் இது சுமார் 1 சதவீதம்தான்.

சந்தேகமிருந்தால் பழைய புஷ்ஷைக் கழற்றி எடையும் வெளிவிட்டமும் குறித்துக்கொண்டு, 80 டிகிரி ஓவனில் ஒரு ராத்திரி வைத்து, ஆறியதும் மறுபடி பாருங்கள். ரெண்டும் குறைந்தால் காரணம் தண்ணீர்தான். குறையவில்லையா, அலைன்மென்ட்டை, அதாவது ஷாஃப்ட் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னை பாரிமுனையில் ராட் வாங்கும்போது கவனம், வெள்ளை நைலானும் வெள்ளை டெல்ரினும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் ஒரு துண்டைப் போடுங்கள்: நைலான் மிதக்கும், டெல்ரின் மூழ்கும்.

ஒன்றை மட்டும் பிளான்ட்டில் கட்டாயம் கேளுங்கள், பாசிக்காக அந்த லைனில் குளோரின் விடுகிறார்களா? விட்டால் டெல்ரின் அரித்துப்போகும், பிவிடிஎஃப் என்கிற வேறு பிளாஸ்டிக்கைப் போடுங்கள். மணல் நிறைய வந்தால் அலுமினா செராமிக் நல்லது, ஆனால் சுட்டபின் வைர வீலில்தான் தேய்க்க முடியும், அதனால் அளவை முன்பே சரியாகக் கொடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் உடைந்துவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடவும் விடாதீர்கள்.