செயலியை நீக்கினால் உடல்நலத் தகவலும் போய்விடுமா?

கேள்வி: சர்க்கரை அளவு, மாத்திரை நேரம், தூக்கம் எல்லாவற்றையும் ஒரு செயலியில் இரண்டு வருடமாகக் குறித்து வருகிறேன். தகவல் முழுவதும் ‘என்கிரிப்ட்’ (பிறர் படிக்க முடியாதபடி ரகசிய வடிவுக்கு மாற்றுவது) செய்யப்படுவதாகப் போட்டிருக்கிறார்கள். இப்போது இருப்பிடத்தையும் போனில் உள்ள தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. நம்பலாமா? நீக்கிவிட்டால் போதுமா?

பதில்: நீக்கினால் மட்டும் போதாது. செயலி போனைவிட்டுப் போகும். உங்கள் கணக்கும் இரண்டு வருடக் குறிப்புகளும் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும்.

என்கிரிப்ஷன் அவசியம்தான். வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் அது தடுக்கும். ஆனால் தகவல் போய்ச் சேர்ந்த பிறகு நிறுவனமே அதை வேறொருவருக்குக் கொடுத்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மாதவிடாய்க் கணக்குச் செயலியான ஃப்ளோ, பயனர்களின் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2021இல் குற்றம் சாட்டியது. மருந்துத் தள்ளுபடிச் செயலியான குட்ஆர்எக்ஸ் மீதும் 2023இல் அதே வகைப் புகார். 15 லட்சம் டாலர் அபராதத்துக்கு அந்த நிறுவனம் சம்மதித்தது. இரண்டிலும் எந்த ஹேக்கரும் உள்ளே நுழையவில்லை.

இது நடக்கும் விதம் எளிது. செயலிக்குள் விளம்பர நிறுவனங்களின் சிறு நிரல்கள் பதிந்திருக்கும். நீங்கள் ஒரு பட்டனைத் தொட்டதும் அந்தச் செயலுக்கு வைத்த பெயர், போனின் விளம்பர ஐடியோடு (விளம்பர நிறுவனங்கள் உங்கள் போனை அடையாளம் காண உதவும் குறியீடு) சேர்ந்து வெளியே போகும். ‘கர்ப்ப வாரத்தைத் தேர்ந்தெடுத்தார்’ என்று அந்தப் பெயரே சொன்னால், உங்கள் பெயர் தெரியாமலே விஷயம் தெரிந்துவிடும். அதனால் போன் அமைப்புகளில் விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள். ஐபோன் என்றால் செயலிகள் உங்களைப் பின்தொடரும் அனுமதியை மறுத்துவிடுங்கள். இது முழுப் பாதுகாப்பு ஆகாது, ஆனாலும் பல இடங்களில் சேரும் தகவலை ஒரே ஆளோடு பொருத்துவது கடினமாகும்.

சரி, அனுமதிகள். தொடர்பு எண்களைத் தயங்காமல் மறுங்கள். சர்க்கரைக் குறிப்புக்கு அது தேவையே இல்லை. இருப்பிடத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு 11 வரை, புளூடூத் வழியாகச் சர்க்கரை மீட்டரைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி வேண்டியிருந்தது. 12இலிருந்து ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி வந்துவிட்டது. பழைய போனில் மீட்டரை இணைத்திருந்தால் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுங்கள். மீட்டரே இல்லையென்றால் கொடுக்கவே வேண்டாம்.

விலகுவதாக முடிவு செய்தால் முதலில் குறிப்புகளைப் பதிவிறக்கி வையுங்கள், மருத்துவருக்குத் தேவைப்படும். அடுத்து செயலிக்குள் ‘கணக்கை நீக்கு’ என்பதைத் தேடுங்கள். கணக்கு தொடங்க விடும் செயலி அதை நீக்கவும் வழி தர வேண்டும் என்பது 2022 முதல் ஆப்பிளின் விதி. கூகுள் பிளேயிலும் பின்னர் அதே மாதிரி விதி வந்துவிட்டது. கண்ணில் படவில்லையென்றால், தனியுரிமைக் கொள்கையில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு போன பிறகுதான் செயலியை நீக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சர்க்கரை இறங்கும்போது அலாரம் அடிப்பதற்கோ, இன்சுலின் பம்போடு இணைப்பதற்கோ இதே செயலியை நம்பியிருக்கிறீர்கள் என்றால், மருத்துவரிடம் மாற்று ஏற்பாட்டைக் கேட்டுக்கொண்ட பிறகே கை வையுங்கள்.