அப்பாவின் மாரடைப்பு, அடிபட்ட சிறு வயது: என் இதயம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 38. அப்பா 47 வயதில் மாரடைப்பில் இறந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா வேலைக்காக வெளியூர் போய்விட, சித்தப்பா வீட்டில் அடியும் பசியுமாக வளர்ந்தேன். நான் ஜீன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? ஒன்பது வயது மகளுக்கும் இது வருமா?

பதில்: பெற்ற தகப்பனுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அதை மருத்துவர்கள் குடும்ப வரலாறாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு ஜீன் கோளாறால் பிறவியிலேயே கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) மிகுந்திருக்கும் நிலை (பரம்பரை மிகைக் கொழுப்பு) சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் உண்டு. மற்றவர்களிடம் பல சிறு மரபணு மாறுபாடுகள் ஒன்றுகூடி ஆபத்தைச் சற்றே உயர்த்துகின்றன.

சிறு வயதுத் துன்பமும் இதயத்தில் பதிகிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வில், அடி, வசை, வீட்டில் குடிப்பழக்கம் போன்ற துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களிடம் இதய நோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எந்நேரமும் அடி விழலாம் என்று காத்திருக்கும் குழந்தையின் உடலில் கார்ட்டிசோல் போன்ற அழுத்த ஹார்மோன்களின் ஒழுங்கு குலைகிறது. அது நீடித்தால் இரத்த அழுத்தமும் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் அழற்சியும் கூடுகின்றன. வளர்ந்தபின் புகை, மது, கெட்ட தூக்கம் ஆகியவற்றில் ஆறுதல் தேடுவதும் இந்தக் கணக்கில் சேரும்.

பாதிப்பு கருவிலேயே தொடங்குவதும் உண்டு. மைசூரின் ஒரு மருத்துவமனையில் 1934 முதல் எழுதி வைத்த பிரசவப் பதிவேடுகளைக் கொண்டு, அங்கே பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996இல் வெளியான முடிவின்படி, 2.5 கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும், 3.1 கிலோவுக்குக் குறையாமல் பிறந்தவர்களில் 3 சதவீதம் பேருக்கும் இதய நோய் இருந்தது. உங்கள் பிறப்பு எடை நினைவிருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

மரபும் துன்பமும் சேரும்போது ஆபத்து பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது. துன்பம் ஜீனின் எழுத்தை மாற்றுவதில்லை. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மாற்றக்கூடும். குறிப்பிட்ட ஒரு ஜீன் இருப்பவர்களைத்தான் துயரம் தாக்கும் என்று வரும் பரபரப்புச் செய்திகளை நான் நம்புவதில்லை. மேலும், இவையெல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்குகள். உங்களுக்கு மாரடைப்பு வருமா என்று எந்த ஆய்வும் சொல்லாது. 2016இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மரபு வழி ஆபத்து மிகுந்தவர்களிலேயே புகைக்காமல், எடை மிகாமல், உடலுழைப்போடும் நல்ல உணவோடும் வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதியாக இருந்தது.

ஜீன் பரிசோதனைக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். இரத்த அழுத்தம், எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை), கொழுப்புப் பரிசோதனை ஆகியவற்றோடு, ஆயுளில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் போதுமான லிப்போபுரோட்டீன் (ஏ) அளவையும் பாருங்கள். இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒருவகைத் துகள் அது; அதன் அளவு பெரும்பாலும் பரம்பரையால் அமைவது. மருத்துவரிடம் அப்பாவின் வயதைச் சொல்வதோடு நிறுத்தாமல் சித்தப்பா வீட்டைப் பற்றியும் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார், ஆனால் உங்களுக்குத் தூக்கமின்மையோ புகைப்பழக்கமோ இருந்தால், அதற்கு மனநல உதவியையும் சேர்த்துத் தர அது அவருக்கு வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், இந்தப் பரிசோதனைகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மகளைப் பொறுத்தவரை, தாத்தாவின் வரலாறே அவளுக்கு ஒரு முறை கொழுப்பைப் பார்க்கப் போதுமான காரணம். உங்கள் எல்டிஎல் (டெசிலிட்டருக்கு) 190 மில்லிகிராமைத் தொட்டால் தள்ளிப்போடாமல் பாருங்கள். உடன்பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்குப் பரம்பரை மிகைக் கொழுப்பு என்று உறுதியானால், அவள் வயதிலேயே சிகிச்சை தொடங்கலாம்.