கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே, ஏன்?

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பீர்களா? கேள்வியில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் குடிப்பீர்கள் என்றே நினைக்கிறேன். என் அக்காவும் அப்படித்தான்.

அரிசி புடைக்கும்போதே முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மெல்லுவாள். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று சின்ன வயதில் மிரட்டுவார்களே, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அவளுக்கு அந்த ஆசை விடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. பிடிவாதமாக ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அந்த அரிசி ஆசைகூட இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

இத்தனைக்கும் முருங்கைக்கீரை இல்லாத வாரமே கிடையாது. கீரையில் உள்ள இரும்பு, ஈரலிலும் மீனிலும் உள்ளதுபோல் சுலபமாக உடம்பில் சேராது. அதன்மேல் உடனே டீ போனால், டீக்குத் துவர்ப்பைத் தரும் டானின் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடலால் அதைச் சரியாக உறிஞ்ச முடியாது. காபியும் அப்படித்தான். எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி நேர்மாறு, அது உறிஞ்ச உதவும்.

டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்து, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளச் சொன்னார். மலம் கறுப்பாகப் போகிறதே என்று அக்கா பயந்தாள். அது மாத்திரையால்தான் என்று சொன்ன பிறகே தொடர்ந்தாள். சில மாதங்களில் 11-ஐத் தாண்டியது, அரிசி ஆசை அதற்கு முன்பே போய்விட்டது.

"எங்கள் பாட்டி டீ குடித்தே 90 வயது வாழ்ந்தார்" என்று யாராவது வருவார்கள். டீ விஷம் என்றோ, அது மட்டுமே காரணம் என்றோ நான் சொல்லவில்லை. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறதா, வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எனக்கு ஆறாத கோபம் வேறு. புகுந்த வீட்டில் ஈரல் வாங்கினால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அக்கா உட்காரும்போது சட்டியில் மசாலாதான் ஒட்டியிருக்கும். அசந்து படுத்தால் சோம்பேறிப் பட்டம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேருமா சோம்பேறிகள்?

சரி, அடுத்த முறை பரிசோதனைக்குப் போனால் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று அதில்தான் தெரியும்.